துப்பாக்கி கடைசியில் வரட்டும்

கேள்வி: என் குடும்பத்தில் யாரும் வேட்டைக்குப் போனதில்லை. நண்பர்களிலும் விவரம் தெரிந்தவர் இல்லை. நான் வசிக்கும் பகுதியில் உரிமம் எடுத்தால் முயலும் அணிலும் வேட்டையாடலாம். ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டு நானே போய்க் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். எனக்கும் சொல்லித்தர ஆள் கிடையாது. ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். துப்பாக்கி கடைசியில் வரட்டும்.

முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. பல இடங்களில் அதை முடித்தால்தான் உரிமமே கிடைக்கும். கட்டாயம் இல்லாவிட்டாலும் போங்கள். பாடம் எடுப்பவர்களில் பலர் ஆண்டுக்கணக்காக வேட்டைக்குப் போகிறவர்கள். கேட்டால் ஆசையாகச் சொல்லித்தருவார்கள். எந்த மாதம் வேட்டைக்காலம், ஒரு நாளைக்கு எத்தனை, யாருடைய நிலத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பதையெல்லாம் உங்கள் பகுதியின் விதிப்புத்தகத்தில் இரண்டு முறை படியுங்கள். வேட்டையே கூடாது என்று சட்டம் இருக்கும் நாடுகளில் வசிக்கும் வாசகர்களுக்கு, நான் அடுத்துச் சொல்லப்போவது மட்டும் பொருந்தும்.

வெறுங்கையோடு பத்துக் காலைகள் காட்டுக்குப் போங்கள். இதைத்தான் நான் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். விடிவதற்கு அரை மணி முன்னால் போய், கொட்டை காய்க்கும் மரத்துக்கு எதிரே, இன்னொரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். நீங்கள் நடந்து வந்த சத்தத்தில் காடு வாயை மூடிக்கொண்டிருக்கும். இருபது நிமிடம் அசையாமல் இருந்தால் மெல்லப் பேச ஆரம்பிக்கும். முதலில் சின்னக் குருவிகள். அப்புறம், காற்றே இல்லாதபோது ஒரே ஒரு கிளை ஆடும். கடித்துப்போட்ட கொட்டைத்தோல் சருகின் மேல் பொட்டுப் பொட்டென்று விழும். அண்ணாந்து பாருங்கள், அணில் அங்கேதான். நீங்கள் கையை உயர்த்தினால் தண்டின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அசையாமல் இருந்தால் சிறிது நேரத்தில் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். இதை நான்கைந்து முறை கண்ணால் பார்த்தவருக்குப் பிறகு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முயலைப் புதரும் திறந்தவெளியும் சேரும் ஓரத்தில் தேடுங்கள். உருண்டைப் புழுக்கை கிடக்கும். இளங்குச்சிகள் கத்தியால் சீவியது போலச் சாய்வாக நறுக்கப்பட்டிருக்கும். மான் கடித்த குச்சி பிய்ந்து நார்நாராக இருக்கும். இந்த வித்தியாசம் ஒருமுறை பிடிபட்டால் மறக்காது. நீங்கள் நடந்துகொண்டே இருந்தால் முயல் பதுங்கியபடியே உங்களைப் போகவிட்டுவிடும். பத்தடி நடந்து அரை நிமிடம் நில்லுங்கள். அந்த நிசப்தம்தான் அதைப் பயமுறுத்திக் கிளப்பும்.

கேள்வி: சரி, என்ன துப்பாக்கி? எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம்?

பதில்: தொடங்குகிறவருக்கு ஷாட்கன், அதாவது ஒரே வெடியில் பல சிறு உலோகக் குண்டுகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி. அந்தக் குண்டுகளைத்தான் ரவை என்கிறோம். குழல் அளவு 20 கேஜ், ரவை அளவு 6-ஆம் நம்பர் என்று கேட்டு வாங்குங்கள். தோளில் உதை குறைவு, முயல் அணில் இரண்டுக்கும் போதும். ஒற்றைத் தோட்டாவைச் சுடும் பாயிண்ட் டூ டூ (.22) ரைஃபிள் அருமையான கருவிதான், ஆனால் அதன் தோட்டா குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். உச்சிக்கிளையில், வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் அணிலை ரைஃபிளால் சுடவே கூடாது. தோட்டாவைத் தாங்க மண்மேடோ பருத்த தண்டோ பின்னால் இருக்க வேண்டும்.

தூரத்தைப் பற்றி மனம் விட்டுச் சொல்கிறேன். என் முதல் பருவத்தில் ஐம்பது மீட்டர் தூரத்தில் ஓடிய முயலை ஷாட்கனால் சுட்டேன். பின்னங்கால் இழுபட, முள்புதருக்குள் போய்விட்டது. இருட்டும் வரை கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து தேடினேன். இலைகளில் ரத்தத்துளிகள் கிடைத்தன, முயல் கிடைக்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு முப்பது மீட்டருக்கு அப்பால் நான் சுட்டதே இல்லை. பெரிய காகிதத்தை முப்பது மீட்டரில் மாட்டி, நடுவைப் பார்த்துச் சுட்டு, அருகே போய்ப் பாருங்கள். ரவைகளுக்கு நடுவே ஒரு முயல் நுழைகிற அளவு வெற்றிடம் தெரிந்தால், உங்கள் எல்லை அதைவிடக் குறைவு. இன்னும் கிட்டே வந்து சுட்டுப் பாருங்கள்.

மற்றவை உங்களுக்கு வகுப்பிலேயே சொல்வார்கள்: எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும், குழல் யாரையும் பார்க்கக் கூடாது, சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசைக்கு வெளியே. வேலி தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிடுங்கள், தனியாக இருந்தாலும். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி ஆரஞ்சுத் தொப்பி போடுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: அடித்த முயலைச் சுத்தம் செய்ய நினைத்தாலே பயமாக இருக்கிறது. நோய் ஏதும் தொற்றுமா?

பதில்: தொற்றலாம். டுலரீமியா என்ற பாக்டீரியா நோய் முயல்களிடமிருந்து மனிதருக்கு வரும், கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். அதனால் ரப்பர் கையுறை கட்டாயம். ஓடாமல் சோர்ந்து நிற்கும் முயலைச் சுட வேண்டாம். வயிற்றைத் திறந்ததும் கல்லீரலைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டால் அந்த முயலைச் சாப்பிடாதீர்கள். நன்றாக இருந்தால் குடலைத் தாமதிக்காமல் எடுத்து, உடலைச் சீக்கிரம் குளிரவையுங்கள். சமைக்கும்போது உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வரட்டும்.

இன்னொன்று. இறைச்சியை விரலால் தடவிப் பார்க்காமல் சமைக்காதீர்கள். ரவை பாயும்போது ரோமத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். சதையில் ரோமம் செருகிய சிறு துளை தெரியும். கத்தி நுனியால் அதைத் தொடர்ந்து போனால் பெரும்பாலும் ரவை கிடைத்துவிடும்.