எல்லா மதங்களையும் படித்துப் பார்த்தும் உச்ச உண்மை பிடிபடவில்லை. எந்த வழியில் போவது?

நான்கைந்து மதங்களின் நூல்களை வரிசையாகப் படித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இரவில் யூடியூபில் சொற்பொழிவும் கேட்பீர்கள். ஒருவர் உயிரும் கடவுளும் ஒன்றே என்னும் அத்வைதமே முடிந்த முடிவு என்பார், அடுத்தவர் அதை மறுத்தே ஒரு மணி நேரம் பேசுவார். குழம்பாமல் என்ன செய்வீர்கள்? நான் தத்துவம் படித்தவள் இல்லை, வடசென்னையில் தண்டையார்பேட்டைக்காரி. ஆனால் நீங்கள் தேடுவதைத் தேடியவர்கள் எங்கள் பக்கத்தில்தான் நடமாடினார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சூஃபி ஞானியான குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டிப் பக்கம் பிறந்து, ராயபுரத்தில் தங்கி, 1838இல் இங்கேயே அடங்கியவர். தர்கா இன்றும் இருக்கிறது. நபியைப் பாடிய அதே வாயால் மனோன்மணி என்ற சக்தியை நாயகியாக வைத்து உருகியிருக்கிறார். தாயுமானவரைப் போல அவருக்கும் இறைவனை அழைத்து இரண்டிரண்டு அடியாகப் பாடும் ஒரு பராபரக்கண்ணி உண்டு. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் என்ற சைவப் புலவர் அவர்மேல் நான்மணிமாலை என்ற புகழ்நூல் பாடினார். அவர் முஸ்லிமாகவே இருந்தார், இவர் சைவராகவே இருந்தார்.

அதே காலத்தில் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வள்ளலார் வளர்ந்துகொண்டிருந்தார். கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். திருவொற்றியூருக்கு நடந்தே போய்த் தியாகராசரையும் வடிவுடையம்மனையும் பாடினார். பிற்பாடு சாதி, சமயம் எல்லாம் தாண்டி ஜோதி என்று வந்து நின்றார். அவர் வடலூரில் பசித்தவருக்குச் சோறு போடும் தருமச்சாலை தொடங்கியது 1867இல். ஜோதியை வழிபடும் சத்திய ஞான சபை எழும்பியது 1872இல். சோறு முதலில், சபை அப்புறம். உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் பிடிக்கவில்லை, அம்மாவிடம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்றால் அவருக்கு வடிவுடையம்மன்தான், மாற்றமே கிடையாது. ஆனால் எங்களில் யாருக்காவது ஜுரம் விடாமல் அடித்தால், மாலை மஃரிப் தொழுகை முடியும் நேரத்துக்குத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் நிற்பார். ஐந்தாறு தாய்மார்கள் வரிசையாக நிற்பார்கள், கையில் தண்ணீர்ச் செம்பு. தொழுதுவிட்டு வரும் பாய்மார்கள் ஓதிக்கொண்டே குழந்தை முகத்தில் ஊதுவார்கள், செம்பிலும் ஊதுவார்கள். நெற்றியில் படும் அந்த மூச்சும் அத்தர் வாசனையும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. யாரும் பெயர் கேட்டதில்லை, காசு வாங்கியதில்லை.

அக்காவுக்கு வரன் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை, “நீங்க தர்காவுக்கெல்லாம் போவீங்களாமே?” என்று ஒரு மாதிரி இழுத்தார். அம்மா, “ஆமாம்மா, போவோம். நாளைக்கு இவளுக்குக் குழந்தை பிறந்தாலும் தூக்கினு போவோம்” என்றார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அம்மா வருத்தப்படவில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை. எல்லா வாசலிலும் நிற்பவளுக்குப் பிடிப்பு கிடையாது என்று நினைக்கிறார்கள். அம்மாவைப் போலப் பிடிப்புள்ள பக்தையை நான் பார்த்ததே இல்லை.

உடனே சிலர் வருவார்கள், “எல்லா மதமும் ஒன்று என்று மேலோட்டமாகப் பேசாதே” என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. கடவுளுக்கு உருவம் உண்டா, மறுபிறவி உண்டா என்பதில் மதங்கள் நிஜமாகவே வேறுபடுகின்றன. ஒப்பிட்டுப் படிப்பதையும் நான் குறை சொல்லவில்லை. தினமும் செய்ய உங்களுக்கென்று ஒரு வழிபாடு வேண்டும், பக்கத்தில் பசித்திருப்பவர் கண்ணில் பட வேண்டும் என்கிறேன். இது இரண்டும் இல்லாமல் பத்து வேதம் படித்தாலும் குழப்பம் தீராது. வாரக் கடைசி ஞான வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரியவர்கள் நடந்த ஊரில் இன்று வயதானவர்களால் கோயிலுக்கு நடந்து போக முடியவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டுகின்றன. சாலையைக் கடக்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது வயிறு எரியும். தென்சென்னையில் இப்படி விடுவார்களா?

நீங்கள் வருவதானால் மெட்ரோவில் வாருங்கள். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் கோயில் பக்கம்தான். தரிசனம் முடித்துக் கடற்கரைப் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. கூட்டம் இருக்காது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.