சாட்சியிடம் முதலில் உட்காருங்கள்

அன்புள்ள ஐயா,

சட்டம் முடித்துவிட்டு மதுரையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். வில்லியம் டென்சன் என்ற அமெரிக்கரைப் பற்றி அண்மையில் படித்தேன். சாதாரண வக்கீலாக இருந்தவர், நாஜி வதைமுகாம் காவலர்கள் மீதான ராணுவ வழக்குகளை நடத்தியிருக்கிறார். டாஹாவ் வழக்கில் 40 பேர், மவுட்ஹவுசன் வழக்கில் 61 பேர், ஒருவர்கூடத் தப்பவில்லை! படிக்கும்போதே ரத்தம் கொதித்தது. நானும் அப்படி ஒரு அரசு வழக்கறிஞர் ஆக வேண்டும். ஆனால் ஜெயித்தவன் நடத்துவது நீதிமன்றமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

நண்பர்களின் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறை உண்டு. தீர்ப்புச் சொன்னவர்கள் அமெரிக்க ராணுவ அதிகாரிகள். நேச நாட்டவருக்கு இழைத்த குற்றங்களை மட்டும்தான் விசாரித்தார்கள், முகாமில் ஜெர்மானியக் கைதிகள் பட்டது அந்தக் கணக்கில் வரவில்லை. ஆனால் குற்றவாளிகளுக்காகவும் அமெரிக்க ராணுவ வக்கீல்கள் நின்று கடுமையாகவே வாதாடினார்கள். டாஹாவில் 36 பேருக்கு மரண தண்டனை விதித்து, மறுபரிசீலனைக்குப் பிறகு 28 பேரைத்தான் தூக்கிலிட்டார்கள். இது போதும்.

என்னை எழுத வைத்தது உங்கள் 'ரத்தம் கொதித்தது'தான். தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது தெருவில் நிற்கிற எவனுக்கும் கொதிக்கும். டென்சன் அங்கே தொடங்கவில்லை. அலபாமாக்காரர், ஹார்வர்டில் சட்டம் படித்து 1937இல் வெளியே வந்தவர், ஊரில் வக்கீல் தொழில், அப்புறம் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சட்ட ஆசிரியர். 1945இல் ஜெர்மனிக்குப் போய், முகாமிலிருந்து மீண்டவர்கள் சொன்னதைக் கேட்டபோது முதலில் அவர் நம்பவில்லை. மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தார். ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அதையே சொன்ன பிறகுதான் நம்பினார். எனக்கு அவரிடம் பிடித்ததே இந்த இடம்தான். சந்தேகத்தோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்டவர் அவர், நீங்கள் கேட்பதற்கு முன்பே கொதிக்கிறீர்கள்.

என் பெரியம்மா ஒரு வெட்டு வழக்கில் சாட்சி. வரப்புத் தகராறு, கண்ணெதிரே நடந்தது. அரசுத் தரப்பு வக்கீல் அவளுடைய முகத்தை முதன்முதலில் பார்த்ததே கூண்டில் ஏறிய பிறகுதான். எத்தனை மணிக்கு என்று கேட்டார், மாடு கட்டுகிற நேரம் என்றாள். போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் 'சுமார் 6.30 மணி' என்று இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அதைப் படித்துக் காட்டியதும், நான் அப்படிச் சொல்லவில்லையே என்றாள், அவள் சொல்லவும் இல்லைதான். தேதி கேட்டார்கள், பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கு மறுநாள் என்றாள். கோர்ட்டில் சிரித்தார்கள். எல்லோரும் விடுதலை. அப்போ நான் பார்த்தது பொய்யா என்று அவள் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தாள். யாராவது முதல் நாள் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி பஸ் போகுமுன்னா, போன பிறகா என்று கேட்டிருந்தால் துல்லியமாகச் சொல்லியிருப்பாள். அந்த அரைமணி நேரத்தைத் தராத வக்கீலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வதைமுகாமில் கைதிக்குக் கடிகாரம் ஏது, காலண்டர் ஏது? அப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் அந்த வழக்குகள் நின்றன. டாஹாவில் குற்றவாளிகளின் கழுத்தில் எண் எழுதிய அட்டை தொங்கும், அவர்களை நேருக்கு நேர் பார்த்து சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். பிரான்ஸ் பிளாஹா என்ற செக் டாக்டர், தானே கைதியாக இருந்து பிணப் பரிசோதனை செய்ய வைக்கப்பட்டவர், அங்கே வந்து சாட்சி சொன்னார். எதிரே கிளாவுஸ் ஷில்லிங் என்ற எழுபது தாண்டிய விஞ்ஞானி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு மலேரியாவை ஏற்றியவர், கடைசியில் நீதிமன்றத்திடம் என்ன கேட்டார் தெரியுமா? ஆராய்ச்சியை எழுதி முடிக்க ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டைப்ரைட்டர்! இப்படிப்பட்ட ஆள்முன் உங்கள் கொதிப்பு என்ன செய்யும்? கேள்விகேள்வியாகக் கேட்டு, தேதிதேதியாக அடுக்கினால்தான் உண்டு.

பின்னால் டென்சன் நடத்திய புக்கன்வால்ட் வதைமுகாம் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற, அந்த முகாம் தலைவனின் மனைவி இல்ஸ கோக்குக்கு 1948இல் தண்டனையை 4 ஆண்டாகக் குறைத்தார்கள். அமெரிக்க செனட் அதை விசாரித்தது, டென்சன் போய் சாட்சி சொன்னார். இத்தனை பேரைக் கூண்டில் ஏற்றியவர் தானே சாட்சியாக உட்கார்ந்தார். அதையும் தேடிப் படியுங்கள்.

அரசு வழக்கறிஞர் தேர்வுக்குத் தாராளமாகத் தயாராகுங்கள், நீங்கள் நன்றாக வருவீர்கள், கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் நாளைக்கே உங்கள் சீனியர் ஆபீஸ் பெஞ்சில் சம்மனோடு யாராவது காத்திருந்தால், கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு, பேச விடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம், அது வழக்குக்கு உரியது. எவ்வளவு நேரம் குறுக்கிடாமல் கேட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.