ரங்கூன் டாலா ஃபெர்ரி எப்படி இத்தனை வருடம் தாங்குகிறது?

ரங்கூனின் பான்சோடான் துறைக்கும் எதிர்க்கரை டாலாவுக்கும் நாளெல்லாம் ஓடும் ஃபெர்ரி எப்படி உடையாமல் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பான் 2014இல் கொடுத்த 'செர்ரி' படகுகளானாலும் அதற்கு முந்தைய கிழங்களானாலும் எதிரி ஒன்றுதான்: ரங்கூன் ஆற்று வண்டல்.

எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சும் ஆற்றுநீரோடு சேறும் ஏறும். வடிகட்டியைத் தினமும் கழுவாவிட்டால் எஞ்சின் சூடேறி, அதன் இணைப்புகளைக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விடும். அதே சேறு உப்புத்தாள் மாதிரி புரொப்பெல்லர் தண்டின் பேரிங்கைத் தேய்க்கும். படகின் பின்பக்கம் அதிர்ந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

படகின் உடல் இரும்புத் தகடு அதிகம் இளைப்பது நீர்மட்டக் கோட்டில்தான். பழுதுபார்க்க டாக்கில் (கரைமேடை) ஏற்றியதும் சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு 'டங்' என்னும், இளைத்தது 'பொத்' என்னும். 8 மி.மீ. தகடு 6 ஆகிவிட்டால் வெட்டி மாற்றுவதே சரி. மேலேயே ஒட்டுப்போட்டுப் பற்றவைப்பது ஏமாற்று வேலை. இடையில் ஈரம் நின்று உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும்.