கிணற்றுக் கல்லில் மின்னுவது தங்கமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் கிணற்றை ஆழப்படுத்தியபோது வந்த கல்லில் மஞ்சளாக மின்னுகிறது. தங்கமாக இருக்குமா?

பெரும்பாலும் இல்லைங்க. கொங்குப் பாறைகளில் இப்படி மின்னுவது அநேகமாகக் காக்காப்பொன், அதாவது மைக்கா. நகத்தால் கீறினால் ஏடு ஏடாக உரியும். உரியாமல் கெட்டியாக, கனச்சதுரம் மாதிரி இருந்தால் அது பைரைட் என்ற இரும்பு சல்பைடு. டைல்ஸின் மெருகில்லாத பின்புறத்தில் உரைத்துப் பாருங்கள். தங்கம் மஞ்சள் கோடு போடும், பைரைட் கருப்பாக. சுத்தியலால் தட்டினால் தங்கம் நசுங்கும்; பைரைட் உடையும், கந்தக வாடையும் வரும்.

ஆனால் ஆய்வாளர்களுக்கு இந்தப் பைரைட் தங்கத்தைவிட ருசியான சரக்கு. ஆக்சிஜனும் ஓசோனும் இல்லாத காற்றில் புற ஊதாக் கதிர் எரிமலைக் கந்தக வாயுவைச் சிதைக்கும்போது, கந்தக ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் கந்தக அணு வகைகளின்) விகிதம் விசித்திரமாக மாறும். அந்தத் தடம் பழம்பாறைகளின் பைரைட்டில் அப்படியே தங்கிவிட்டது. புவி வேதியியலாளர் ஜேம்ஸ் ஃபார்குவாரின் குழு 2000-இல் வெளியிட்ட அளவீடுகளுக்கு அப்புறம்தான், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்பது உறுதிப்பட்டது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். பைரைட்டின் பங்காளி பைரோடைட், இதுவும் ஒரு இரும்பு சல்பைடுதான்: வெண்கல நிறம், காந்தத்தில் லேசாக ஒட்டும். உண்மையான வில்லன் இதுதான். ஜல்லியில் கலந்திருந்தால் ஈரமும் காற்றும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகி, கான்கிரீட் உள்ளிருந்தே உப்பி விரிசல் விடும். அமெரிக்காவின் கனெக்டிகட்டிலும் கனடாவின் கியூபெக்கிலும் ஆயிரக்கணக்கான வீட்டு அஸ்திவாரங்கள் இப்படிப் பாழாயின. ஐரோப்பியத் தரவிதியில் ஜல்லியின் கந்தக வரம்பு 1 சதவீதம். பைரோடைட் இருந்தால் 0.1 சதவீதம்தான். உங்கள் கல்லில் வெண்கலப் பொட்டு நிறைய தெரிந்தால், அதை ஜல்லியாக உடைத்துக் கட்டடத்துக்குப் போட்டுவிடாதீர்கள்.