வாடகை வீடு: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு பார்த்தோம். ஆதார், கம்பெனி ஐடி, மூன்று மாத சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரர் நம்பர் எல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. குடிவருகிறவர் யார், மாதாமாதம் வாடகை வருமா என்று பார்ப்பது நியாயமே. ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகலை இறக்கி, குறுக்கே 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். அசல் சான்றிதழோ, தொகை எழுதாத காசோலையோ கேட்டால் வேறு வீடு பாருங்கள்.

கேள்வி: அஸ்தம்பட்டியில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். சட்டப்படி மூன்றுதானே?

பதில்: 2017 தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைதான், ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதுவே நிற்கும். பத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு எழுதிப் பயனில்லை.

கேள்வி: அம்மாபேட்டையில் ஐந்து வருடம் இருந்து காலி செய்தோம். பெயிண்ட், வயரிங் என்று அட்வான்ஸில் பதினெட்டாயிரம் பிடித்துவிட்டார்.

பதில்: உங்களுக்கு நடந்தது அநியாயம். ஊரெங்கும் இதுவே வழக்கமாகிவிட்டது. வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வீட்டுக்காரர் செலவு. டேப் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி, சாக்கடை அடைப்பு உங்கள் பொறுப்பு. ஐந்து வருடத்தில் சுவர் மங்கத்தான் செய்யும். அதற்கும் சேர்த்துத்தானே வாடகை வாங்கினார்? முதலில் ஒப்பந்தத்தை எடுத்து, 'காலி செய்யும்போது பெயிண்ட் செலவு' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், எந்த வேலைக்கு எவ்வளவு என்று பில் கேட்டு, டெலிவரி சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் மீதிப் பணம் வந்தாக வேண்டும். இனி வீடு பார்க்கிறவர்கள் அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.

கேள்வி: பதினோரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்கிறாரே?

பதில்: வேண்டும். 2019 பிப்ரவரியிலிருந்து, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் கையெழுத்தான 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசு இணையதளத்திலேயே செய்யலாம்.

கேள்வி: ஏற்காட்டில் வீட்டை போட்டோவில் பார்த்து டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரம் ஜிபே செய்தேன். இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: இந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் போன ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள்.