சர்வேயர் மேல் சங்கத்தில் புகார் கொடுத்தால் எல்லைக்கல் நகருமா?

உங்கள் மனையை அளந்த சர்வேயரே பக்கத்து மனைக்காரரிடமும் பணம் வாங்கியதை மறைத்துவிட்டார். அவருடைய தொழில் சங்கத்தில் புகார் கொடுத்தால் எல்லைக்கல் பழைய இடத்துக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. நீங்கள் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் எல்லையை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். சங்கம் விசாரிப்பது அவருடைய நடத்தையை. கண்டிக்கலாம், உறுப்பினர் பதவியைப் பறிக்கலாம்.

அதற்காகப் புகாரை விட்டுவிடாதீர்கள். இரு தரப்புக்கும் வேலை செய்வதை மறைத்தது சின்ன விஷயமே இல்லை. 1868-இல் லண்டனில் தொடங்கிய சர்வேயர்கள் சங்கம் 1881-இல் அரச சாசனம் பெற்றபோதே, இந்தத் தொழில் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதைத்தான் நோக்கமாக ஏற்றது. உறுப்பினரைக் காப்பாற்றுவது அப்புறம்தான்.

முதலில் அவர் இப்போதும் உறுப்பினர்தானா என்று பாருங்கள். பிறகு களப் புத்தகத்தின், அதாவது இடத்தில் நின்று அளந்த எண்களை அவர் குறித்துவைக்கும் நோட்டின், நகலை அவரிடமே எழுத்தில் கேளுங்கள். நானும் இந்தத் தொழிலில் இருப்பவன். களப் புத்தகத்தில் தப்பான எண்ணை ரப்பரால் அழிக்கவே கூடாது. ஒற்றைக் கோடாக அடித்துவிட்டு, மேலே சரியான எண்ணை எழுத வேண்டும். தொழில் பழகும்போதே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சுரண்டிய தடமோ கிழிந்த பக்கமோ தெரிந்தால் சங்கம் அதற்கு விளக்கம் கேட்கும். நகல் கேட்டதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லையென்றால், நீங்கள் எழுதிய கடிதத்தையும் புகாரோடு இணையுங்கள். கோபத்தை எழுதாமல், என்றைக்கு என்ன நடந்தது என்று தேதிவாரியாக எழுதுங்கள்.