ஈபிஎஃப் காசுல பென்குயின் பாக்க போகலாமா?

கேள்வி: தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டத்து பெக்டரில 31 வருஷம் வேலை செஞ்சு டீமேக்கரா ரிட்டயர் ஆனேன், வயசு 58. ஈபிஎஃப்ங்கிற சேமலாப நிதி 74 லட்சம், கிரேச்சுட்டி 18 லட்சம், ஈடிஎஃப்ங்கிற நம்பிக்கை நிதி 9 லட்சம் கைக்கு வந்திருக்கு. கொட்டகலையில சொந்த வீடு இருக்கு, மேல் மாடி ஸ்லாப் மட்டும் பாக்கி. மனைவி டீச்சர், இன்னும் 7 வருஷம் சர்வீஸ் இருக்கு. மகன் டோஹாவில. சின்ன வயசுல இருந்தே மிருகங்க மேல பைத்தியம், பென்குயினையும் வெள்ளைக்கரடியையும் ஒரே ட்ரிப்ல பாத்துடணும்னு ஆசை. கொழும்பு ஏஜென்ட் ஒருத்தர் அண்டார்ட்டிகாவுக்கு சின்ன கப்பல்ல 11 நாள், 8,900 டொலர், இந்த மாசத்துக்குள்ள கால்வாசி கட்டுங்கன்னு சொல்றாரு. பெரிய கப்பல்னா பாதி விலைதானாம். மனைவி வரமாட்டாங்க, அவங்களுக்கு நுவரெலியா பஸ்லயே வாந்தி. அங்க போய் மிருகங்கள தொந்தரவு பண்ணாதீங்கப்பான்னு மகன் வேற சொல்றான். போகலாமா?

பதில்: அண்ணே, மொதல்ல ஒண்ண சொல்லிடுறேன், ஒரே ட்ரிப்ல ரெண்டையும் பாக்க முடியாது. பென்குயின் தென் துருவத்து பக்கம், வெள்ளைக்கரடி வடக்க, நடுவுல முழு பூமியும் கிடக்கு. ஏஜென்ட் இத உங்ககிட்ட சொல்லவே இல்லைன்னா அவர்கிட்ட வேற என்னென்ன கேக்காம விட்டீங்கன்னு எனக்கு கொஞ்சம் யோசனையா இருக்கு.

இந்த மாசம் அட்வான்ஸ் கட்டாதீங்க. வேணாம்னு நான் சொல்லல, இந்த காசுல, இந்த அவசரத்துல வேணாம்னுதான் சொல்றேன்.

8,900 டொலர்னு நீங்க பாத்தது ரெண்டு பேர் ஒரு ரூம்ல படுத்தா ஆளுக்கு வார விலை. தனி ஆளா தனி ரூம் கேட்டா பொதுவா ஒண்ணரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் போடுவாங்க. தெரியாத ஒரு ஆம்பளையோட ரூம் பகிர்ந்துக்க சரின்னா நெறைய கம்பெனில அந்த மேலதிக காசு இல்ல, அத எழுத்துல வாங்கிக்கணும். சரி, பகிர்ந்தே போறீங்கன்னு வைங்க. கப்பல் கிளம்புறது அர்ஜென்டினாவோட தெக்கு முனையில உஷ்வாயாங்கிற ஊர்ல. கொழும்புல இருந்து புவனஸ் அயர்ஸ் போய் வர ஒரு 2,400, அங்க இருந்து உள்ளூர் ஃப்ளைட்டும் ஹோட்டலும் 700, இன்சூரன்ஸ் 400, கப்பல் ஆளுங்களுக்கு டிப்ஸ் 200, விசா உடுப்புன்னு ஒரு 300. எல்லாம் கைக்கணக்குதான், ஆனா மொத்தம் 12,900 டொலர் வருது. டொலர் 310 ரூபான்னு வச்சா 40 லட்சம். நீங்க மனசுல வச்சிருந்தது 27 லட்சத்து 60 ஆயிரம், இல்லையா?

இன்சூரன்ஸ்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அங்க ஆஸ்பத்திரி கிடையாது, நெஞ்சு வலின்னா கப்பல் டொக்டர்தான், அதுக்கு மேலன்னா ஆள தூக்கிட்டு வர ஆகுற செலவுல கொட்டகலை வீடும் போயிடும். அந்த செலவுக்கு கவர் இல்லாதவங்கள நல்ல கம்பெனிங்க ஏத்தவே மாட்டாங்க.

பாதி விலை கப்பல பத்தி சொல்லணும், இங்கதான் உங்க மகன் கேட்ட விஷயமும் வருது. அண்டார்ட்டிகால 500 பயணிக்கு மேல ஏத்துற கப்பல் ஆள கரையில எறக்கக்கூடாது. சின்ன கப்பல்னாலும் ஒரு இடத்துல ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல கரையில நிக்கக்கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டி. அந்த டூர் கம்பெனிங்க 1991ல ஐயாட்டோன்னு ஒரு சங்கம் வச்சாங்க, பென்குயின்ல இருந்து 5 மீட்டர் தள்ளி நில்லு, அது நடந்து வார பாதைய மறிக்காத, கரைக்கு போகும்போதும் வரும்போதும் பூட்ஸ கழுவி மருந்துல முக்கு, பறவைக்காய்ச்சல் வந்த பிறகு தரையில குந்தக்கூட வேணாம், இப்பிடி நெறைய வச்சிருக்காங்க. கப்பல் சின்னதா இருக்க இருக்க தலைக்கு செலவு கூடும், ஆனா கரையில எறங்குற நேரமும் கூடும். அதனால பாதி விலை டிக்கெட்டுல நீங்க பென்குயின பால்கனில இருந்து பைனாகுலர்லதான் பாப்பீங்க, ஐஸ் மலைய மட்டும் பாத்தா போதும்னு இருக்கிறவங்களுக்கு அது பரவால்ல, நீங்க கேட்டது அது இல்லையே. விலை கூடுன கப்பல்தான் இங்க மிருகத்துக்கும் நல்லது, உங்க காசுக்கும் நல்லது. ஹோர்ட்டன் ப்ளேன்ஸ் போற சனம் மரைக்கு பன் குடுத்து குடுத்து அது கார் பார்க்குலயே நிக்கிறத நீங்களும் பாத்திருப்பீங்க, அது மாதிரி ஆகாம இருக்கத்தான் அங்க இவ்வளவு கட்டுப்பாடு. ஆனா ஃப்ளைட் புகை கணக்க மகன் எடுத்தா அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஒரே தடவை போய் நிதானமா பாத்துட்டு வாங்கன்னு மட்டும்தான் சொல்ல முடியும்.

இப்ப காசுக்கு வாரேன். 74 லட்சம் பெரிய காசு மாதிரி தெரியும், ஆனா அண்ணே, உங்களுக்கு பென்ஷன் கிடையாது, டீச்சரா இருக்கிற உங்க மனைவி, அந்த அக்காவுக்குத்தான் இருக்கு. அப்ப இந்த 74 லட்சம்தான் உங்க சம்பளம், இன்னும் 25 வருஷத்துக்கு. 31 வருஷம் தேயிலையோட இருந்தவருக்கு நான் சொல்லிக்குடுக்கவா, கொழுந்து பறிக்கலாம், செடிய புடுங்கக்கூடாது. அதுலயும் எல்லா வட்டியையும் எடுத்து செலவழிச்சீங்கன்னா விலைவாசி ஏற ஏற முதல் உள்ளுக்குள்ளயே தேஞ்சு போயிடும், 2022ல பாத்தோமே, டொலர் 200ல இருந்து சில மாசத்துல 360க்கு ஏறிச்சு, செப்டம்பர்ல விலைவாசி ஏத்தம் 70 சதவீதத்துக்கு கிட்ட போச்சு. அதனால வட்டில பாதி எடுங்க, பாதிய திருப்பி முதல்லயே போடுங்க.

ஃபிக்ஸட் வட்டி 8 சதவீதம்னு வச்சா 74 லட்சத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சத்து 92 ஆயிரம். 2025 ஏப்ரல்ல இருந்து பேங்க் வட்டில 10 சதவீதம் வரி புடிக்குது, ஆனா உங்க வருஷ வருமானம் 18 லட்சத்துக்கு கீழன்னா பேங்க்ல ஒரு டிக்ளரேஷன் ஃபோர்ம் எழுதிக் குடுத்தா புடிக்க மாட்டாங்க, இது தெரியாம விடுற ஆளுங்க நம்ம பக்கம் எத்தனையோ பேர். கிரேச்சுட்டி 18 லட்சத்த ஸ்லாப்புக்கும் ஆஸ்பத்திரி செலவுக்கும் ஒதுக்குங்க. ட்ரிப்புக்கு ஈடிஎஃப் 9 லட்சம், அதோட பாதி வட்டி. கூட ஒரு பர்சன்ட் தாரோம்னு பேர் தெரியாத ஃபினான்ஸ் கம்பெனி கூப்பிட்டா அந்தப் பக்கமே போகாதீங்க.

மூணு வருஷத்துல பாதி வட்டி கிட்டத்தட்ட 9 லட்சம், ஈடிஎஃப் வட்டியோட 11 லட்சத்துக்கு மேல, ஆக 20 லட்சம். மிச்சத்துக்கு மகன்கிட்ட பேசுங்க. ரூபாய மாத்தி டொலர் அக்கவுண்ட்ல போட்டு வைக்க நமக்கு விட மாட்டாங்க, ஆனா வெளிநாட்டுல இருந்து வார காசு டொலராவே ஒரு கணக்குல நிக்கலாம். மாசம் 100 டொலர் அனுப்பினா மூணு வருஷத்துல 3,600, அது கிட்டத்தட்ட 11 லட்சம், ரூபா விழுந்தாலும் இந்த பங்கு விழாது. மொத்தம் 31 லட்சம். அப்பா ஆசைப்பட்டத மகன் மாசம் 100 டொலருக்கு வாங்கிக் குடுத்தான்னு சொல்லிக்கிறதுல அவனுக்கும் ஒரு சந்தோஷம் இருக்கும், மிருகத்துக்கு தொந்தரவுன்னு சொல்றத கொஞ்சம் கொறைச்சுக்குவான்.

31 லட்சத்துக்கு அண்டார்ட்டிகா வராது, வெள்ளைக்கரடி வரும். நோர்வேக்கு மேல ஸ்வால்பார்ட்னு தீவுக் கூட்டம், அங்க லொங்யியர்பியன்ங்கிற ஊர்ல இருந்து கோடையில சின்ன கப்பலுங்க கிளம்பும், ஷேர் ரூம்ல கப்பலுக்கு 6,500, ஃப்ளைட் 1,500, மத்தது எல்லாம் 1,200னு வச்சா 9,200 டொலர், இருபத்தெட்டரை லட்சம். 2025 ஜனவரில இருந்து அங்க பாதுகாக்கப்பட்ட எடத்துல 200 பயணிக்கு மேல ஏத்துற கப்பலுக்கு அனுமதி இல்ல. கரடில இருந்து 300 மீட்டர் தள்ளி நிக்கணும், மார்ச்ல இருந்து ஜூன் முடியுற வரைக்கும் 500 மீட்டர். அதனால கரடிய பக்கத்துல காட்டுறோம்னு யாராவது சொன்னா அவன் சட்டத்த மீறுறவன், காசு குடுக்காதீங்க, அந்தக் காசுக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்குங்க. விசால ஒரு பொறி இருக்கு, ஸ்வால்பார்ட் ஷெங்கன்ல, அதாவது ஒரே விசால போற ஐரோப்பிய நாடுங்க கூட்டத்துல, சேராது, ஒஸ்லோவுல இருந்து அங்க போய்ட்டு திரும்பி வார நீங்க ரெண்டாவது தடவை உள்ள நுழையுறவர், அதனால ஒரு தடவை நுழையுற விசா எடுத்தா மாட்டிக்குவீங்க. பென்குயின்தான் வேணும்னா கணக்கு அஞ்சு வருஷம், உங்களுக்கு 63 ஆகும், முழங்கால கேட்டுட்டு முடிவெடுங்க, ரப்பர் படகுல ஏறி எறங்கணும்.

எந்தப் பக்கம் போனாலும், அட்வான்ஸ் கட்ட முன்னாடி கேன்சல் கண்டிஷன எழுத்துல வாங்குங்க. மிச்ச காச பொதுவா பயணத்துக்கு மூணு நாலு மாசம் முன்னாடி கட்ட சொல்லுவாங்க, ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடி விண்ணப்பிக்கவும் முடியாது. விசா கிடைக்கலன்னா காசு திரும்பாதுன்னுதான் பெரும்பாலும் எழுதி இருப்பாங்க, நம்ம பாஸ்போர்ட்டுக்கு இது சின்ன விஷயம் இல்ல. நானே 2020 மார்ச்ல கிளம்ப வேண்டிய ஒரு டூருக்கு முழுசா கட்டிட்டு கொரோனா வந்து ஏஜென்ட் கடைய சாத்திட்டு போனப்ப ஒரு ரூபா திரும்பல, கையில இருந்தது வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும்தான்.

இன்னொண்ணு. நீங்க கடல்ல போயிருக்கீங்களான்னு கடிதத்துல எழுதல. உஷ்வாயால இருந்து அண்டார்ட்டிகா போக ட்ரேக் கடல கடக்கணும், போக ரெண்டு நாள் வர ரெண்டு நாள், அது ஆடுற ஆட்டம் நம்ம நுவரெலியா ரோட்டு வளைவுங்க மாதிரி இல்ல. அதனால இந்த ஜனவரில மிரிஸ்ஸ போய் ஒரு நாள் திமிங்கிலம் பாக்குற படகுல ஏறுங்க, உலகத்துலயே பெரிய மிருகம் நீலத்திமிங்கிலம் நம்ம நாட்டு கரைலயே ஓடுது. மிருகத்த விரட்டாத, தூரத்துல எஞ்சின கொறைச்சு நிக்கிற படகா பாத்து ஏறுங்க, கொஞ்சம் கூட கேட்டாலும் குடுங்க. வயிறு தாங்குதான்னு தெரிஞ்சுட்டு வந்து எனக்கு எழுதுங்க, அக்காவ கரையில உக்கார வச்சு ரொட்டி வாங்கிக் குடுத்துட்டு போங்க.